முருங்கை வேரைத் தோண்ட வேண்டாம்

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மைத் திடுக்கிட வைத்தது. எழுதியவர் இவ்விதழின் நெடுநாள் வாசகியாகிய ஒரு தாய். அவருடைய மகன் ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் நகரில் பணிபுரிகிறார். அந்நாட்டுப் பெண்ணையே மணந்திருக்கிறார். இவ்வாண்டு உயிர்ப்பு விழாவுக்கு இருவரும் ஊருக்கு வருகின்றனர். மருமகளுக்கு இது நான்காம் மாதம். அத்தாய் எழுதியதன் சாரம் இது:

“சாமி, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் முதன்முதலாக நம் வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய ஊரில் பாஸ்காவுக்கு ஏதோ ஒரு வேரைத் துருவி, இறைச்சியோடும் முட்டையோடும் உண்பார்களாம். அது இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்டு, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் விசாரித்தேன். அவர் அகராதியைப் புரட்டிவிட்டு, ‘வேறொன்றுமில்லை, நம் முருங்கைதான்’ என்றார். கொல்லையில் இரண்டு முருங்கை நிற்கிறது. ஒன்றின் வேரைத் தோண்டி அரைத்துக் கொடுக்கலாமா?”

மடலுக்குப் பதில் மடல் எழுதிக் காத்திருக்க நமக்கு மனம் துணியவில்லை. அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் அழைத்து, “தோண்ட வேண்டாம், அம்மா” என்றோம். “ஆளுக்குச் சொல்லிவிட்டேனே, சாமி” என்றார். “ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், காரணத்தை இதழில் விரிவாக எழுதுகிறோம்” என்று வாக்களித்தோம். இம்மாதப் பகுதி அவ்வாக்கின் நிறைவேற்றமே.

அந்த ஆசிரியரை நாம் குறைகூற மாட்டோம். அவர் பார்த்த அகராதி அப்படித்தான் சொல்லியிருக்கும். மருமகள் கேட்ட வேரின் ஆங்கிலப் பெயர் ஹார்ஸ்ராடிஷ். சொல்லுக்குச் சொல் வைத்தால் குதிரை முள்ளங்கி. நம் முருங்கைக்கோ ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்ராடிஷ் ட்ரீ’, அதாவது குதிரை முள்ளங்கி மரம் என்று ஒரு பெயருண்டு. இப்பெயர் இந்தியாவில் குடியிருந்த வெள்ளைக்காரர் வைத்தது. தங்கள் நாட்டில் பொரித்த மாட்டிறைச்சியோடு குதிரை முள்ளங்கித் துருவலை உண்டு பழகியவர்கள், இங்கு அது கிடையாமல் தவித்து, ஏறக்குறைய அதே நெடியுள்ள முருங்கை வேரைச் சுரண்டிக் காடியில் ஊறவைத்து மனத்தை ஆற்றிக்கொண்டனர். யூல், பர்னெல் என்னும் இருவர் 1886-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இச்செய்தியைக் குறித்து வைத்திருக்கிறது. ஆக, பெயர் ஒப்புமை பொய்யன்று. ஆயினும் பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. குதிரை முள்ளங்கி கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. முருங்கை அக்குடும்பத்துக்குத் தூரத்து உறவான மரம். நெடி ஒத்திருப்பது அந்த உறவினாலேயே.

முருங்கையின் இலையும் பூவும் காயும் நம் அன்றாட உணவு. கருவுற்றவர்க்கும் கீரை நல்லது என்று நம் பாட்டிமார் அறிவர். வேரின் நிலை வேறு. வேரிலும், சிறப்பாக வேர்ப்பட்டையிலும், உடலுக்குத் தீங்கிழைக்கும் ஆல்கலாய்டு பொருள்கள் உள்ளன. அது கருப்பையைத் தாக்கும் என்பது நம் நாட்டு மருத்துவ மரபு நெடுங்காலமாக அறிந்த உண்மை. வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கும் தீச்செயலுக்கு இவ்வேரைப் பயன்படுத்தினர் என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை. தேர்ந்த சித்த மருத்துவர் அளவறிந்து மருந்தாக்குவது ஒரு செய்தி. மாமியார் அன்பு மேலீட்டால் அம்மியில் அரைத்துக் கிண்ணத்தில் வைப்பது முற்றிலும் வேறு செய்தி. வெள்ளைக்காரர் உண்டார்களே என்று கேட்கலாம். அவர்கள் உண்ட பலவற்றை நாம் பின்பற்ற வேண்டிய கடமையில்லை.

இனி, அம்மருமகள் ஏங்கும் உண்மையான வேரைப் பற்றிக் கூறுவோம். இதில் நமக்கு நேரடி அறிவு உண்டு. 2010 முதல் 2013 வரை நாம் கிராட்ஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட ஸ்டீரியா மாநிலத்தில், ஒரு சிற்றூர்ப் பங்கில் துணைக்குருவாகப் பணியாற்றினோம். அங்கு இவ்வேரை எவரும் ஆங்கிலப் பெயரால் அறியார். ஜெர்மனியில் மேர்ரெட்டிக் என்பர். ஆஸ்திரியாவில் ‘கிரென்’ என்பர். கிரென் என்பது அண்டையிலுள்ள ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த சொல். நாமும் இனி அப்பெயரையே ஆள்வோம். மருமகளிடம் “கிரென்” என்று ஒருமுறை சொல்லிப்பாருங்கள், அம்மா. அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

கிராட்ஸ் நகரில் கைசர் யோசெஃப் சந்தை என்று ஓர் உழவர் சந்தை உண்டு. பங்கு இல்லத்தைப் பராமரித்த மூதாட்டியுடன் தவக்காலத்தில் ஒரு நாள் அங்குச் சென்றிருந்தோம். ஒரு கடையில் மண்ணிறத்தில், முழங்கை நீளத்தில், கரடுமுரடான கோல்கள் அடுக்கப்பட்டிருந்தன. மரவள்ளிக் கிழங்கின் ஒல்லியான தம்பி என்று எண்ணி ஒன்றை எடுத்து முகர்ந்தோம். ஒரு மணமும் இல்லை. “இதற்கா இவ்வளவு பெருமை?” என்றோம். மூதாட்டி மறுமொழி கூறாமல், விறைப்பாக உள்ள வேராகப் பார்த்து இரண்டு வாங்கிக்கொண்டார். வளைந்து தொய்வதும், உள்ளே மரம்போல் முற்றியதும் ஆகாதாம். இல்லம் திரும்பியதும் சன்னலைத் திறந்து வைத்து, தோலைச் சீவிவிட்டு, துருவியை நம் கையில் கொடுத்தார். நான்கு இழுப்பு இழுத்திருப்போம். மூக்கின் அடியிலிருந்து உச்சந்தலை வரை ஓர் ஈட்டி பாய்ந்ததுபோல் இருந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிய, “குருவானவரே, இப்போது மணக்கிறதா?” என்று மூதாட்டி நிதானமாகக் கேட்டார்.

முழு வேரில் மணமே இல்லாததற்கும், துருவியதும் அது சீறி எழுவதற்கும் காரணம் உண்டு. சினிக்ரின் என்னும் பொருளும், மைரோசினேஸ் என்னும் நொதியும் வேரின் திசுக்களில் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. வேர் அறுபடும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அக்கலப்பில் பிறப்பதே அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் காரநெய். விலங்கு கடித்தால் அதன் வாயைச் சுடுவதற்குச் செடி வைத்திருக்கும் காவல் இது. மிளகாயின் காரம் நாக்கில் தங்கும். இதன் காரமோ ஆவியாகி மூக்கில் ஏறி, நொடிப்பொழுதில் மறையும். சமையலறையில் இதை வைத்து மூன்று உண்மைகளை அறியலாம். துருவியவுடன் காடி சேர்த்தால் நொதியின் வேலை அப்போதே நின்று காரம் மிதமாகும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துக் காடி சேர்த்தால் காரம் கடுமையாகும். காடியே சேர்க்காமல் திறந்து வைத்தால் காரம் பறந்து, துருவல் பழுப்பேறிக் கசக்கும். கொதிக்க வைத்தாலோ எல்லாம் போயிற்று. ஆதலால் சூடான உணவில் அடுப்பை அணைத்த பின்னரே கிரெனைத் தூவ வேண்டும்.

ஸ்டீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் உழவர்கள் இதனை வயல் வயலாகப் பயிரிடுகின்றனர். நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததன்றோ? அதுபோல ஸ்டீரிய கிரெனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்புப் பெற்றது. வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போரும் பலர். இது விதையால் வளர்வதன்று, வேர்த்துண்டால் வளர்வது. இலையுதிர் காலத்தில் தாய்வேரைத் தோண்டும்போது, பக்கத்தில் கிளைத்த விரற்கனமுள்ள வேர்களை ஒரு சாண் அல்லது சற்று அதிக நீளத்தில் நறுக்கி, ஈர மணலில் புதைத்துக் குளிர்காலம் முழுதும் நிலவறையில் வைத்திருப்பர். நறுக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சரிவாகவும் வெட்டுவர்; நடும்போது தலைகீழாகிவிடாதிருக்க அதுவே அடையாளம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆழக் கிளறிய, கல்லில்லாத மண்ணில் அவற்றைச் சாய்வாகப் படுக்கவைத்து மூடுவர். ஜூன் மாதத்தில் இன்னொரு வேலை. மண்ணை விலக்கி, வேரின் மேற்பகுதியை மெல்லத் தூக்கி, அதில் முளைத்த சிறுவேர்களைக் கையாலோ துணியாலோ தேய்த்து உதிர்த்துவிட்டு, அடிவேர்களை அசைக்காமல் மீண்டும் மூடுவர். இப்படிச் செய்தால்தான் ஒரே வேர் நேராகப் பருக்கும். செய்யாவிட்டால் கந்தல் கந்தலாகக் கிளைக்கும். அகன்ற பச்சை இலைகள் உறைபனி பட்டு வாடிய பின், அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ வேரைத் தோண்டுவர். மண்ணிலேயே விட்டு, வசந்தத்தில் புதுத்தளிர் விடுமுன் எடுப்பதும் உண்டு.

ஆங்கில எழுத்து ‘ஆர்’ வரும் மாதங்களில்தான் கிரென் உண்ண வேண்டும் என்பது அந்நாட்டார் வழக்கு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எண்ணிப் பாருங்கள். நாம் தமிழில் எழுதிப் பார்த்தோம், வியப்பாக, ‘ர’கர வரிசை எழுத்தொன்று அவ்வெட்டு மாதங்களிலும் வருகிறது, மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு நான்கிலும் வரவில்லை!

தோட்டக்கலையில் நமது திறமையையும் இங்குச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில், மூதாட்டி உறவினர் வீடு சென்றிருந்த வாரத்தில், கொத்துமல்லி விதைக்க இடம் வேண்டிப் பங்கு இல்லத் தோட்டத்தின் ஒரு மூலையை மண்வெட்டியால் நன்றாகக் கொத்திக் கிளறினோம். மண்ணில் அகப்பட்ட வெண்ணிற வேர்த்துண்டுகளை உரமாகட்டும் என்று பாத்தி முழுதும் பரப்பியும் விட்டோம். அது பழைய கிரென் பாத்தி. சுண்டுவிரல் நகமளவு துண்டு மண்ணில் கிடந்தாலும் முளைத்துவிடும் இயல்புடையது அவ்வேர் என்பது நமக்குத் தெரியாது. கொத்துமல்லி முளைக்கவில்லை. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கீரைப்பாத்தியிலும் ரோசாச் செடிகளுக்கு இடையிலும் கிரென் தலைநீட்டிக்கொண்டிருந்தது. நாம் விடைபெற்று வந்த பின்னும் அத்தோட்டத்தில் நமது நினைவு நீடித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. வளர்ப்பவர் தனிப்பாத்தியிலோ, ஆழமான தொட்டியிலோ நடுவதே அறிவு.

பெரிய சனிக்கிழமை வந்துவிட்டால் ஸ்டீரியாவின் ஊர்கள் தோறும் கிரென் ஆட்சிதான். காலை முதல் குருவானவர் கோவிலிலும், சிற்றூர்களின் சிற்றாலயங்களிலும், சாலையோரச் சிலுவைகளின் அடியிலும் நின்று உணவு மந்திரிக்க வேண்டும். நமக்கு ஒரே நாளில் ஒன்பது இடங்கள் இருந்தன. மக்கள் கூடைகளைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பர். உள்ளே புகையில் உலர்த்திய பன்றித் தொடை, தொத்திறைச்சி, நாக்கு, வண்ணமிட்ட முட்டைகள், இனிப்பு ரொட்டி, இவற்றின் நடுவே தோல் சீவாத ஒரு கிரென் வேர். மேலே பூவேலை செய்த வெண்துணி. பாட்டி தைத்தது பேத்திக்கு வரும். செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கும் வேளையில் துணியை விலக்குவார்கள். புகையூட்டிய இறைச்சியின் மணம் நோன்பிருக்கும் குருவானவரைச் சோதிக்கும். உயிர்ப்பு ஞாயிறு வரை பொறுக்க வேண்டியதை, அம்மக்கள் சனிக்கிழமை பிற்பகலிலேயே தொடங்கிவிடுவது வழக்கம். நாம் முதல் ஆண்டில் மெதுவாகக் கண்டித்தோம். மூன்றாம் ஆண்டில் நமக்கும் ஒரு தட்டு வந்தது. போலந்து நாட்டிலும் இவ்வாறே கூடை மந்திரிக்கப்படுகிறது. அங்கும் கிரென் உண்டு.

ஏன் இந்த வேர்? ஆண்டவரின் பாடுகளது கசப்பையும் கண்ணீரையும் அது குறிக்கிறது என்று மூதாட்டி நமக்கு விளக்கினார். மறைநூல் பயின்ற நமக்கு விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது: இஸ்ரயேலர் பாஸ்கா ஆட்டைக் கசப்புக் கீரையோடு உண்ண வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. அக்கீரை கிரென்தான் என்று சிலர் எழுதுவர், அது சரியன்று. யூதரின் பழைய சட்டத்தொகுப்பாகிய மிஷ்னா அக்கடமைக்குரிய ஐந்து செடிகளைச் சொல்கிறது. அவற்றுள் முதலாவது லெட்டூஸ் என்னும் இலைக்கீரை. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் குடியேறிய யூதர்க்குப் பாஸ்கா வேளையில் தோட்டத்தில் பச்சை இலை கிடைக்கவில்லை. மண்ணுக்குள் இந்த வேர் கிடைத்தது. ஆகவே அவர்கள் மேசைக்கு இது வந்தது. லெட்டூசைக் குறித்த ‘ஹசெரெத்’ என்னும் எபிரேயச் சொல்லே இன்று கிரெனைக் குறிக்கிறது. வெள்ளைக்காரன் முருங்கையில் செய்ததை யூதர் கிரெனில் செய்தனர். ஆனால் அவர்கள் தேர்ந்தது உண்ணத்தக்க வேர்.

அந்நாட்டுச் சமையலில் இதன் பயன் பலவாகும். இறைச்சித் துண்டின்மேல் பச்சையாகத் துருவித் தூவுவதே முதன்மை. ஆப்பிள் கிரென் என்பது புளிப்பு ஆப்பிள் இரண்டைத் துருவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, இரண்டு மேசைக்கரண்டி கிரெனும் உப்பும் சிட்டிகை சர்க்கரையும் கலப்பது. வேகவைத்த மாட்டிறைச்சிக்கு வியன்னா நகரத்தார் இதையே தொட்டுக்கொள்வர். ரொட்டிக் கிரெனுக்குப் பழைய ரொட்டித் துண்டுகளைச் சூடான இறைச்சிச் சாற்றில் கரைத்துக் கூழாக்கி, இறக்கிய பின் கிரென் சேர்க்க வேண்டும். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கிக் காடி, எண்ணெய், கிரெனுடன் கலப்பதும் உண்டு. நமக்கு மிகவும் பிடித்தது கிரென் இறைச்சி. பன்றியின் தோள்கறியைக் காரட், செலரிக் கிழங்கு, வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை, சிறிது காடி ஆகியவற்றோடு நீரில் ஒன்றரை மணி நேரம் மெல்ல வேகவைத்து, சாற்றோடு தட்டில் ஊற்றி, மேலே வெண்பனிபோல் கிரெனைத் துருவிக் கொடுப்பர். குளிர்கால இரவில் அந்தத் தட்டு வரும்போது நாம் வீட்டு நினைவை மறந்ததுண்டு.

இனி அத்தாயின் கேள்விக்கு வருவோம். நம் சமவெளியில் இதனை வளர்க்க முயல்வது வீண். குளிர்கால உறக்கம் வேண்டும் செடி இது. நம் வெயிலில் வேர் பருக்காது. மகனிடம் பச்சை வேரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். உரிய தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் இன்றி வேரும் விதையும் நாட்டுக்குள் கொண்டுவருதல் சட்டப்படி குற்றம். காடியில் இட்டு மூடிய கண்ணாடிப் புட்டி அங்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும், அதைக் கொண்டுவரட்டும். நம் பெருநகரக் கடைகளிலும் அது சில வேளை வருகிறது. ஜப்பானியரின் வசாபி என்று பச்சைக் குழாயில் விற்கப்படுவதிலும் பெரும்பாலும் உள்ளது கிரெனும் கடுகும் பச்சை நிறமுமே.

ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். கிரெனின் அதே காரநெய்யைத் தருவது உங்கள் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. நம் கடுகிலும் அதே சினிக்ரின்தான். வறுக்காத கடுகு இரண்டு தேக்கரண்டி எடுத்துப் பொடித்து, குளிர்ந்த நீர் ஒரு மேசைக்கரண்டி விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் மூடிவையுங்கள், வெந்நீர் கூடாது. பிறகு காடி ஒரு மேசைக்கரண்டி, உப்பு, சிறிது சர்க்கரை சேருங்கள். வெள்ளை முள்ளங்கியைத் துருவி நீரைப் பிழிந்துவிட்டு அரைக் கோப்பையும், புளிப்பு ஆப்பிள் பாதியும் துருவிச் சேர்த்துக் கலந்தால், வேரின் நார்த்தன்மையும் மூக்கிலேறும் நெடியும் ஏறக்குறைய வந்துவிடும். இதை எழுதுமுன் நமது பங்கு இல்லத்தில் செய்து பார்த்தோம். முதல் முறை நம் சமையற்காரர், கடுகு என்றதும் பழக்கதோடத்தில் எண்ணெயைக் காயவைத்து வெடிக்கவிட்டுவிட்டார். நல்ல முள்ளங்கிப் பச்சடி கிடைத்தது, கிரென் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாமி, இதையா அந்த நாட்டில் ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்டார்.

கருவுற்றிருப்பவர் எந்தக் காரத்தையும் சிறிதளவே தொட்டுக்கொள்வது நலம். மருத்துவரை ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். கூடையை உங்கள் பங்குக் குருவானவரிடம் எடுத்துச் சென்று மந்திரிக்கச் சொல்லுங்கள். இவ்வழக்கம் அவருக்குப் புதிதாயிருந்தால் இந்த இதழைக் காட்டுங்கள். முட்டைக்கு வண்ணம் தீட்டுவதை மருமகளிடம் விட்டுவிடலாம். முருங்கையில் இப்போது பூ இருக்குமே, அதைப் பறித்துப் பொரியல் செய்து வையுங்கள். கடுகை அதில் தாளியுங்கள், அம்மா. கிண்ணத்துக் கடுகைத் தாளித்துவிட வேண்டாம்.